தோல்விக்குப் பெயரிட்டவர்கள்: வைமார்க் குடியரசும் அதன் சொற்களும்

1919 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய அரசியலமைப்பின் முதற்றொடர் மொழி பயின்ற எவரையும் சற்றே நின்று நோக்கச் செய்யும். ‘ஜெர்மானிய ரைஷ் ஒரு குடியரசு’ என்பது அது. ‘ரைஷ்’ என்னும் சொல், இலத்தீனில் அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’, வடமொழி ‘ராஜன்’ ஆகியவற்றோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தது. வடமொழிவழி நாம் பெற்ற ‘இராச்சியம்’ அதற்கு உறவுச்சொல். எனவே ‘ஜெர்மானிய இராச்சியம் ஒரு குடியரசு’ என்றுகூட அத்தொடரைத் தமிழில் பெயர்க்கலாம். பேரரசர் முடிதுறந்து நெதர்லாந்துக்குச் சென்றுவிட்டார். பேரரசின் பெயர் போகவில்லை. இதனை வரைந்தோரின் கவனக்குறைவு என்று கொள்ள வேண்டா. 1871 முதல் வழங்கிவந்த அப்பெயரில் நாட்டு ஒற்றுமையின் நினைவு தங்கியிருப்பதாக அவர்கள் கருதினர்.

வைமார்க் குடியரசின் இடர்களை விளக்குவோர் வெர்சாய் ஒப்பந்தம், பணவீக்கம், வேலையின்மை ஆகியவற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். அவற்றின் கொடுமையை யாரும் மறுக்க இயலாது. எனினும் மொழியியலைத் தொழிலாகக் கொண்ட எனக்கு வேறொரு வினா முன் நிற்கிறது: அந்நாட்டின் தோல்விக்குப் பெயரிட்டவர் யார்?

1918 செப்டம்பர் இறுதியில், போர்நிறுத்தம் உடனே வேண்டும் என்று அரசை நெருக்கியவர்கள் படைத்தலைமையில் இருந்த ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும்தாம். நவம்பர் 9 அன்று ஷைடமான் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். இரண்டு நாள்களுக்குப் பின் கொம்பியேன் காட்டில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜெர்மானியத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் படைத்தலைவர் அல்லர். மையக் கட்சியைச் சேர்ந்த எர்ட்ஸ்பெர்கர் என்னும் அரசியலாளர். தோல்வியுற்றோர் ஒருவர், கையெழுத்திட்டவர் மற்றொருவர்.

அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினுக்குத் திரும்பிய வீரர்களை வரவேற்ற எபர்ட், எந்தப் பகைவனும் உங்களை வெல்லவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். களைத்து வந்தவர்க்குச் சொன்ன ஆறுதல் அது. ஆனால் பகைவன் வெல்லவில்லையெனில் தோற்கடித்தது யார்? ஓராண்டு கழித்து நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தோன்றிய ஹிண்டன்பர்க் அதற்கு விடை தந்தார்: படை பின்னாலிருந்து குத்தப்பட்டது. இத்தொடரின் இலக்கணத்தைக் கவனியுங்கள். செயப்பாட்டு வினை, குத்தியவரைச் சுட்டும் சொல்லே இல்லை. அந்த வெற்றிடத்தைக் கேட்போர் தத்தம் வெறுப்புக்கேற்ப நிரப்பிக்கொண்டனர். சிலர் சமவுடைமையரை வைத்தனர், சிலர் யூதரை, சிலர் கையெழுத்திட்ட எர்ட்ஸ்பெர்கரை. குற்றவாளியின் பெயரைச் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம். சொல்லாததை எப்படி மறுப்பது?

வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவுக்கும் இத்தகைய கதை உண்டு. இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்றே அது கூறுகிறது. ‘குற்றம்’ என்னும் சொல் அதில் இல்லை. ஜெர்மனியிலோ அது ‘போர்க் குற்றப் பிரிவு’ என்றே வழங்கியது. ஒப்பந்தக் கடமைகளை இயன்றவரை நிறைவேற்றி, அவை தாங்கொணாதவை என்பதை உலகுக்குக் காட்டுவோம் என்ற அமைச்சர்களின் போக்கு ‘நிறைவேற்றல் அரசியல்’ எனப்பட்டது. எதிரிகளின் வாயில் அதுவே வசைச்சொல்லாயிற்று. 1921 ஆகஸ்டில் எர்ட்ஸ்பெர்கரும், 1922 ஜூனில் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

பணவீக்கம் பற்றி ஒரு கணக்கு போதும். போருக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 இலட்சம் கோடி மார்க். சேமிப்பை நம்பியிருந்த நடுத்தரக் குடும்பங்கள் குடியரசின் மீது வைத்திருந்த நம்பிக்கையும் அத்துடன் கரைந்தது.

எனக்கு இவை எல்லாவற்றினும் கனமாகத் தோன்றுவது 1924இல் மாக்டெபர்க் நகரில் நடந்த ஓர் அவதூறு வழக்கு. குடியரசுத் தலைவராக இருந்த எபர்ட்டை நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒரு செய்தியாளர் எழுதினார். 1918 ஜனவரியில் ஆயுதத் தொழிலாளர் வேலைநிறுத்தக் குழுவில் எபர்ட் இடம்பெற்றதே அதற்குக் காரணம். வேலைநிறுத்தத்தை விரைவில் முடிக்கவே சேர்ந்தேன் என்பது அவர் விளக்கம். அவருடைய மைந்தர் இருவர் அப்போரில் மாண்டவர்கள். நீதிமன்றம் செய்தியாளரை அவமதிப்புக்காகத் தண்டித்தது. ஆனால் சட்டப் பொருளில் அச்சொல் எபர்ட்டுக்குப் பொருந்தும் என்றும் எழுதிவைத்தது. தீர்ப்பு வந்தது டிசம்பர் 23. அதற்கு மூன்று நாள் முன்னர்தான், மூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று ஐந்தாண்டுச் சிறை பெற்ற ஹிட்லர், தண்டனை பெற்று ஓராண்டுகூட நிறையுமுன் விடுதலையாகியிருந்தார். பேரரசுக் காலத்து நீதிபதிகளைக் குடியரசு அப்படியே வைத்துக்கொண்டதன் விளைவு இது. வழக்குகளின் அலைச்சலில் மருத்துவத்தைத் தள்ளிப்போட்ட எபர்ட், 1925 பிப்ரவரி 28 அன்று குடல்வால் அழற்சியால் இறந்தார். அவருக்கு அகவை 54. அடுத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹிண்டன்பர்க்.

இக்குடியரசு பிறவியிலேயே சாகப் பிறந்தது என்பாரோடு நான் உடன்படேன். பெண்கள் முதன்முறையாக வாக்களித்த 1919 ஜனவரித் தேர்தலில், குடியரசை ஏற்ற மூன்று கட்சிகள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றன. எட்டு மணி நேர வேலையும், 1927இல் வேலையிழப்புக் காப்பீடும் வந்தன. 1928இல் நாட்சிக் கட்சிக்குக் கிடைத்தவை 12 இடங்களே. 1930 செப்டம்பரில் அது 107 ஆயிற்று. இடையில் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. காப்பீட்டுக் கட்டணத்தை எவ்வளவு உயர்த்துவது என்னும் பூசலில் பெரும்பான்மை பெற்ற கடைசி அமைச்சரவையும் 1930 மார்ச்சில் வீழ்ந்தது.

அதன்பின் ஆண்டது 48ஆம் பிரிவு. பொது ஒழுங்குக்கு இடர் நேர்ந்தால் குடியரசுத் தலைவர் அவசர ஆணை பிறப்பிக்கலாம் என்பது அது. குடியரசைக் காப்பதற்காக எபர்ட் அதனை நூற்றுக்கும் மேற்பட்ட முறை பயன்படுத்தினார். ஹிண்டன்பர்க் காலத்தில் அதுவே அன்றாட ஆட்சிமுறையாயிற்று. 1932இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்து. அவசர ஆணைகளோ ஐம்பதுக்கும் மேல். மக்களும் ‘அவசரம்’ என்னும் சொல்லுக்குப் பழகிப்போயினர்.

1933 ஜனவரி 30 அன்று ஹிண்டன்பர்க் ஹிட்லரைத் தலைமை அமைச்சராக்கினார். பிப்ரவரி 28 அன்று, எபர்ட் இறந்து எட்டாண்டு நிறைந்த நாளில், நாடாளுமன்றத் தீ விபத்தைக் காரணம் காட்டிப் பேச்சுரிமை, கூடும் உரிமை முதலியவற்றை நிறுத்திவைத்த ஆணையும் 48ஆம் பிரிவின் பெயராலேயே வந்தது. அவ்வரசியலமைப்பை நாட்சியர் முறைப்படி நீக்கவே இல்லை. ஜெர்மானிய இராச்சியம் ஒரு குடியரசு என்னும் முதற்றொடர் 1945 வரை தாளில் அப்படியே இருந்தது.