அடுத்த கோச் யார்?

இந்தப் பருவத்தோடு எங்கள் பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநர் விடைபெறுகிறார். ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க அவருக்கும் விருப்பமில்லை. செய்தி கசிந்த நாளிலிருந்து விடுதியில், உணவகத்தில், அணியின் வாட்ஸ்அப் குழுவில் எங்கு பார்த்தாலும் ஒரே கேள்விதான். அடுத்து யார்? மூன்று பேர் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. ஒருவர் மாநில அணிக்கு ஆடிய முன்னாள் ஆட்டக்காரர். இன்னொருவர் விளையாட்டு அறிவியல் விரிவுரையாளர். மூன்றாமவர் ஐந்து ஆண்டுகளாகத் துணைப் பயிற்றுநராக இருப்பவர், எங்கள் பெக்கான் நானாஸ்காரர்.

பயிற்றுநர் பெஞ்சைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் அணியின் மாற்றுத் தற்காப்பு ஆட்டக்காரன். கடந்த இரண்டு ஆண்டுகளில் திடலில் ஓடிய நேரத்தைவிட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். அங்கே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

துணைப் பயிற்றுநரை நாங்கள் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். மலாய், சீன நண்பர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். தொழிற்சாலையில் வேலை முடிந்து மாலையில் நேராகத் திடலுக்கு வருவார். கூம்புகளை வைப்பது, பந்துகளுக்குக் காற்றடிப்பது, வருகைப் பதிவு எடுப்பது, காயம் பட்டவனைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போவது எல்லாம் அவர் வேலை. யாருக்கு நாளைக்குத் தேர்வு, யார் காதலில் தோற்று ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடக்கிறான் என்பதும் அவருக்குத்தான் தெரியும். தலைமைப் பயிற்றுநர் ஆட்டத்துக்கு முன் பலகையில் பதினொரு பெயர் எழுதுவார். அந்தப் பதினொன்றில் பாதி அண்ணன் சொன்ன தகவலால் வந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

இந்தச் சின்னச் சண்டையை நாடே பல முறை போட்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

கே. ராஜகோபால் பெயரை நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 2009இல் தேசிய அணியின் பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவி இழந்தபோது அந்த இடத்துக்கு வந்தவர் அவர். ஒரு மலேசிய இந்தியருக்குப் பின் இன்னொரு மலேசிய இந்தியர். அன்று அது யாருக்கும் அதிசயமாகத் தெரியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸின் வியந்தியான் நகரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம். 1989க்குப் பிறகு காற்பந்தில் கிடைத்த முதல் தங்கம் அது. மறு ஆண்டு சுசுகி கிண்ணம். குழு ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடி வாங்கிய அணி, அதே மாதம் இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தது. மறு சுற்றில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. நாட்டுக்கு அது முதல் வட்டாரக் கிண்ணம். எஸ். குணாளன், கே. குருசாமி இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா சோபாவிலிருந்து குதித்தது மட்டும் நினைவிருக்கிறது.

கோல் அடித்த சாஃபி சாலியை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெஞ்சில் ராஜகோபாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைப் பயிற்றுநரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் டான் செங் ஹோ. கெடா மாநிலத்து முன்னாள் ஆட்டக்காரர். அதற்கு முன்பே கெடாவில் அஸ்ராய் கோர் அப்துல்லாவுக்குத் துணையாக இருந்தவர். அந்த அணி 2007இலும் 2008இலும் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் சேர்த்து வென்ற காலம் அது. 2009 முதல் 2013 வரை ராஜகோபாலுக்குத் துணை. பிறகு கெடாவுக்கே திரும்பித் தலைமைப் பயிற்றுநராகி 2016இல் மலேசியக் கிண்ணத்தை வென்றார். இதோடு கதை முடிந்திருந்தாலே போதும். ஆனால் 2017இல் போர்ச்சுகலிலிருந்து வந்த நெலோ விங்காடாவுக்குக் கீழே அவர் மறுபடியும் துணைப் பயிற்றுநராகப் போனார். கிண்ணம் வென்ற தலைமைப் பயிற்றுநர் ஒருவர் கூம்பு தூக்கும் வேலைக்குத் திரும்புவதா என்று கௌரவம் பார்க்கவில்லை. விங்காடா ஒரு வெற்றிகூடப் பெறாமல் அந்த ஆண்டு டிசம்பரில் விலகினார். நாற்காலி செங் ஹோவுக்கு வந்தது. ஒரே ஆண்டில், 2018 சுசுகி கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் மலேசியா நின்றது. புக்கிட் ஜாலிலில் 2-2, ஹனோயில் 0-1. கிண்ணம் வியட்நாமுக்குப் போனாலும், முந்தைய இரண்டு ஆண்டுகளின் அவமானம் துடைக்கப்பட்டது.

ராஜகோபாலின் ஒப்பந்தம் 2013 இறுதியில் புதுப்பிக்கப்படவில்லை. அப்போதே இந்த உதவியாளரை நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. நடந்தது வேறு. 2011 சீ போட்டியில் ஜகார்த்தாவிலேயே தங்கம் வென்ற இளையோர் அணியின் பயிற்றுநர் ஓங் கிம் சுவீ சில மாதங்கள் இடைக்காலமாக இருந்தார். பிறகு டோலா சாலே நியமிக்கப்பட்டார். அவர் 2014இல் அணியைச் சுசுகி இறுதியாட்டத்துக்குக் கொண்டு போனார், அதை மறைக்கக்கூடாது. ஆனால் 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 10-0 என்று தோற்றதும் விலகினார். உடனே யாரைக் கூப்பிட்டார்கள்? ஓங் கிம் சுவீயைத்தான். வீடு தீப்பிடித்த பிறகு பக்கத்து அறையில் இருப்பவரைத் தேடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. 2024 ஜூலையில் கிம் பான்-கோன் விலகியபோதும் அவருடைய உதவியாளர் பாவ் மார்த்திதான் இடைக்காலமாக அணியைப் பிடித்துக்கொண்டார்.

கிளந்தான் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2010இல் அந்த மாநிலத்துக்கு முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவர் அதே சத்தியநாதன். 2011இல் சூப்பர் லீக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் எம். கராத்து. மலாய்க்காரர்கள் நிறைந்த ஒரு மாநிலத்தின் வெறித்தனமான ரசிகர்கள் அடுத்தடுத்து இரண்டு இந்தியப் பயிற்றுநர்களைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பின்னர் 2021இல் நெகிரி செம்பிலானை பிரிமியர் லீக் வெற்றியாளராக்கி மேலே ஏற்றியவர் கே. தேவன். இந்த வரிசை இப்போது மெலிந்துகொண்டே வருகிறது. எங்கள் மாநிலத்து ஜேடிடியின் பெஞ்சைப் பாருங்கள், அர்ஜென்டினா, மெக்சிகோ, ஸ்பெயின். குறை சொல்லவில்லை. 2014இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் லீக் வெல்லும் கிளப்புக்கு நான் பாடம் எடுக்க முடியாது. அங்கேயும் கவனிக்க ஒன்று இருக்கிறது: 2022இல் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக்கில் மலேசிய கிளப் ஒன்றை முதன்முறையாக நாக் அவுட் சுற்றுக்குக் கொண்டு போன பெஞ்சமின் மோரா, வெளியிலிருந்து நேராகத் தலைமை நாற்காலிக்கு வந்தவரல்லர். அந்தக் கிளப்பின் பயிற்றுநர் குழுவிலேயே முன்பு வேலை பார்த்தவர்.

பல்கலைக்கழக அளவில் இதைப் பற்றி அதிகம் தலையை உடைத்துக்கொள்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது தலைக்கவசம் போட்டு முட்டிக்கொள்ளும் வேறு விளையாட்டு. ஆனால் அங்கே பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர் பல மாநிலங்களில் ஆளுநரைவிட அதிகச் சம்பளம் வாங்குபவர். அதனால் வாரிசு விவகாரம் பெரிய விவகாரம். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 2007இலேயே, மூத்த பயிற்றுநர் பாபி பவுடனுக்குப் பின் அவருடைய உதவியாளர் ஜிம்போ ஃபிஷர்தான் என்று எழுதி வைத்துவிட்டது. ஃபிஷர் 2010இல் பொறுப்பேற்று, 2013 பருவத்தின் தேசியக் கிண்ணத்தை வென்றார். டெக்சஸ் பல்கலைக்கழகமும் 2008இல் வில் மஸ்சாம்ப் என்ற உதவியாளருக்கு அதே வாக்குறுதியைக் கொடுத்தது. அங்கே மூத்தவர் நாற்காலியை விடவில்லை. காத்திருந்து பார்த்த மஸ்சாம்ப் 2010 இறுதியில் வேறொரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராகக் கிளம்பிவிட்டார். பட்டத்து இளவரசன் என்று அறிவித்தால் மட்டும் போதாது, முடிசூட்டும் தேதியையும் சொல்ல வேண்டும்போலிருக்கிறது.

சரி, அப்படியானால் துணைப் பயிற்றுநருக்கே கொடுத்துவிடலாமா? இங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது.

போன ஆண்டு ஓர் ஆட்டத்தில் பதினெட்டுப் பேர் பட்டியலில் என் பெயர் இல்லை. தலைமைப் பயிற்றுநர் பெயர்களைப் படித்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “விடுடா தம்பி, உன் இடது கால இன்னும் நம்ப மாட்டேங்கிறாரு. வா, நாளைக்கு அரை மணி நேரம் சீக்கிரம் வா” என்றார். அடிப்பது ஒருவர், மருந்து போடுவது இன்னொருவர். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்ய முடியுமா? நாளைக்கு அண்ணனே தலைமைப் பயிற்றுநரானால் என் பெயரை அடிக்கும் பேனா அவர் கையில் இருக்கும். அப்போதும் அவர் அண்ணன்தானா? லிவர்பூலில் 1974இல் பில் ஷாங்க்லி விலகியபோது அவருடைய உதவியாளர் பாப் பெய்ஸ்லி அந்தப் பதவியை விரும்பியே ஏற்கவில்லை என்று சொல்வார்கள். ஆட்டக்காரர்களின் வலியைப் பார்த்துப் பழகிய மனிதர். அவர்தான் பிறகு மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களை வென்றார். ஆக, முடியாதது அல்ல. ஆனால் பழகிய முகத்திடமிருந்து வரும் ‘இல்லை’ கூடுதலாக வலிக்கும். எங்கள் அணியில் சிலர் வெளியாள் வேண்டும் என்பதற்கு இதுதான் உண்மைக் காரணம் என்று நினைக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வாய்விட்டுச் சொல்லும் காரணம் வேறு: உரிமம். ஆசியக் காற்பந்து கூட்டமைப்பின் பயிற்றுநர் உரிமங்கள் சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறும். ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்கு நேராகத் தாவ முடியாது; இடையில் ஓர் அணியைப் பயிற்றுவித்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். இதற்கு வெளியே தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் திட்டம் ஒன்றும் இருக்கிறது. அதில் விளையாட்டு அறிவியலுக்குத் தனித் தேர்வு. உடலியக்கம், ஊட்டம், உளவியல் எல்லாம் வரும். நம் பிள்ளைகள் கேட்டு வையுங்கள், எஸ்பிஎம் முடித்தவுடனேயே இந்தப் பாதையில் கால் வைக்கலாம், தேசிய அணிக்கு ஆடியிருக்க வேண்டியதில்லை. இன்றைய பெஞ்சில் கோல்காவலர் பயிற்றுநர், உடற்தகுதிப் பயிற்றுநர், உடலியக்கச் சிகிச்சையாளர், காணொளி ஆய்வாளர் என்று எத்தனையோ இருக்கைகள் வந்துவிட்டன. விளையாட்டு அறிவியலோ தரவு அறிவியலோ படிக்கும் ஒருவர் அதில் ஒன்றில் உட்காரலாம்.

அண்ணனிடம் சி உரிமம் இருக்கிறது. எங்கள் நிர்வாகம் பி கேட்கிறது. ஏன் இத்தனை நாள் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“வகுப்பு நாள் கணக்கா நடக்கும்டா. அத்தனை நாள் வேலைக்கு லீவு எவன் கொடுப்பான்? பேப்பர் உள்ளவனுக்கு அனுபவம் இல்ல, அனுபவம் உள்ளவனுக்கு லீவு இல்ல” என்று சிரித்தார்.

உரிமம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இருபது பேருடைய முழங்கால்களை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம், அவர் படித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்து ஆண்டுகள் ஒருவரை உதவியாளராக வைத்திருந்த நிர்வாகம், ஒரு முறையாவது அவருக்குக் கட்டணம் கட்டி, தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் கொடுத்து, வகுப்புக்கு அனுப்பியிருந்தால் இன்று விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்காது. தேர்வு அடுத்த மாதம் நடக்கும் நேர்காணலில் என்று நினைக்கிறோம். அது போன ஐந்து ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் விண்ணப்பித்திருக்கிறார். கிடைக்காவிட்டால் புதியவருக்குக் கீழே தொடர்வீர்களா என்று கேட்டதற்கு, “செங் ஹோ போகலையா?” என்றார். இந்த முறை சொந்தச் செலவில் பி வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டார். ஆண்டு விடுப்பு முழுவதையும் அதற்கே சேர்த்து வைத்திருக்கிறார்.

அதில் ஒரு சிக்கல். சனிக்கிழமை காலைகளில் பெக்கான் நானாஸ் திடலில் அவர் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப் பள்ளி எல்லாம் கலந்து முப்பது பேர் வரை வருவார்கள். அவர் வகுப்பில் இருக்கும் வாரங்களில் அவர்களை யார் பார்ப்பது? என்னையும் ஊரிலிருக்கும் இன்னொரு நண்பனையும் கேட்டிருக்கிறார். கூம்புகள் எங்கே இருக்கின்றன, எந்தப் பையனுக்கு ஆஸ்துமா, யாரை யாரோடு ஒரே அணியில் போடக்கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறோம்.