ஆசிரியரிடம் முதலில் சொல்ல வேண்டியவை

விஸ்வநத்தத்திலிருந்தும் சிவகாசியைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலிருந்தும் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பதற்கு முன்பே, அவர்கள் நாற்காலியில் அமரும் விதம் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துவோரும், திரி வைப்போரும், சரம் பின்னுவோரும், தீப்பெட்டி ஒட்டுவோரும் தரையில் அமர்ந்து, கழுத்தைக் கவிழ்த்து, விரல்களை மட்டும் ஓயாது இயக்கிப் பழகியவர்கள். அச்சகத்தில் பணிபுரிவோரோ நாள் முழுவதும் நின்றே கழிப்பவர்கள். இருசாராரும் சொல்லும் முதற்குறை பெரும்பாலும் இடுப்புவலி. நாங்களும் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "யோகா செய்து பாருங்கள்" என்று ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்புவது வழக்கமாயிருந்தது.

அந்த ஒரு சொல் போதாது என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் ஓர் அம்மா. அறுபது வயதைக் கடந்தவர், எலும்பு வலுவிழந்தவர், நீண்டகாலம் தீப்பெட்டி வேலை பார்த்தவர். எங்கள் பேச்சை நம்பி, வட்டாரத்தில் நடந்த ஒரு யோகா நாள் பயிற்சிக்குச் சென்றார். பெரிய திடல், வரிசை வரிசையாக மக்கள், தொலைவில் ஒரு மேடை. நின்ற நிலையில் குனிந்து பாதத்தைத் தொடும்படி ஒலிபெருக்கி கூறியது. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் தொட்டார்கள், தாமும் தொட்டார். மறுநாள் காலையில் அவரால் பாயிலிருந்து எழ முடியவில்லை. எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்புக் கணு ஒன்று நசுங்கியிருந்தது. எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்து முன்குனிவது கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. மேடையில் இருந்தவருக்கோ இப்படி ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார் என்பதே தெரியாது. பிழையில் பெரும்பங்கு எங்களுடையது என்றே கருதுகிறோம்.

ஜூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்தது. 2015இல் முதல் யோகா நாள் கொண்டாடப்பட்டது. அதுமுதல் அந்நாளை ஒட்டி, அனுபவமிக்க ஆசிரியர்களை அழைத்து ஒருநாள் பயிற்சி நடத்தும் வழக்கம் சிற்றூர்கள்வரை பரவியிருக்கிறது. இது நல்ல வழக்கமே. ஆலைக்கும் வீட்டுக்கும் இடையிலேயே காலத்தைக் கழிக்கும் ஒருவருக்கு, தம் உடலைப் பற்றி மட்டும் நினைக்க ஒரு காலைப்பொழுது கிடைப்பது எளிதன்று. ஆகவே, போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. எப்படிப் போகவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'அனுபவமிக்க ஆசிரியர்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? கடினமான ஆசனங்களைச் செய்துகாட்டுபவர் என்று பலரும் எண்ணுகின்றனர். சென்னையில் பல்லாண்டுகள் பயிற்றுவித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) இதற்கு வேறொரு பொருளைத் தம் நடைமுறையால் காட்டினார். மைசூரில் இளைஞர்களுக்கு விரைவும் வலிமையும் வேண்டும் ஆசனங்களைக் கற்பித்த அவரே, சென்னைக்கு வந்தபின் தம்மிடம் வந்த நோயாளிகளைத் தனித்தனியே பார்த்து, அவரவர் வயதுக்கும் நோய்க்கும் தொழிலுக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றி அமைத்தார். ஆளுக்கேற்ற யோகாவே அன்றி, யோகாவுக்கேற்ற ஆளைத் தேடுவதன்று அவர் முறை. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இந்தத் தனிநபர் முறையையே முதன்மையாகக் கொண்டது. பொறியியல் படித்தவர் தேசிகாச்சார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதனதன் மண்ணைப் பார்த்துத்தானே அடித்தளம் இடவேண்டும்!

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளியமுறை உடற்பயிற்சியும் நம் பகுதியில் பலர் அறிந்ததே. அதில் பல பயிற்சிகள் அமர்ந்தோ படுத்தோ செய்யத்தக்கவை. உட்கார்ந்து உழைப்பவரின் உடலை அறிந்த ஒருவர் வகுத்தவை அவை என்று நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

யோகாவால் பயன் உண்டா என்று கேட்போருக்கு, உண்டு என்பதே எங்கள் விடை. ஆனால் அதன் அளவையும் சொல்லவேண்டும். நாட்பட்ட இடுப்புவலி குறித்து 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 12 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,080 பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. உடற்பயிற்சி எதுவும் செய்யாதவரோடு ஒப்பிடுகையில், யோகா செய்தோருக்கு அன்றாட இயக்கம் மூன்று முதல் ஆறு மாதங்களில் ஓரளவு மேம்பட்டது. சிலருக்கு வலி கூடியதையும் அத்தொகுப்பு மறைக்கவில்லை. ஒருநாள் பயிற்சியில் தீராத வலி தீரும் என்று எவரேனும் சொன்னால், அதை நம்பவேண்டாம். அந்த ஒரு நாளில் கிடைப்பது, வீட்டில் தொடர்ந்து செய்யத்தக்க இரண்டு மூன்று பயிற்சிகளே. அவற்றைச் சரியாகக் கற்றுவந்தால் அதுவே பெரிது.

இனி ஆசிரியரிடம் சொல்லவேண்டியவை. பயிற்சி தொடங்குமுன், கூட்டத்தில் கைதூக்கிச் சொல்லக் கூச்சமாயிருந்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைச் செய்யவே கூடாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியாளர் 75 பேரைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப்போனவர்களும் தலையைத் தாழ்த்தும் நிலைகளையும் மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் தவிர்க்கவேண்டும்.

கபாலபாதியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் வேகமாக மூச்சை வெளியேற்றுவதுதான் யோகா என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. உயர் இரத்த அழுத்தம், இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, குடலிறக்கம், வயிற்றுப்புண், பக்கவாதம் ஆகியவை உள்ளோர் இதைச் செய்யவேண்டாம் என்று யோகா நாளுக்காக இந்திய அரசு வெளியிட்ட பொது நெறிமுறையே கூறுகிறது. ஆலையில் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த காற்றைச் சுவாசித்து வருவோருக்கு இருமலும் இளைப்பும் இருந்தால், அவர்களும் இதை விட்டுவிடுவதே நலம். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடுவது போதும். அதையும் புழுதி பறக்கும் திடலில் செய்யவேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கின்றனர். வெறும் வயிற்றோடு வருமாறு யோகா ஆசிரியர் கூறுவார். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டபின் உணவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நாங்கள் கூறுவோம். இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிப்போர் வழியில் மயங்கி விழக்கூடும். அன்று காலை மருந்தை எப்போது எடுப்பது என்பதை முதல்நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் கற்கண்டோ சர்க்கரையோ இருக்கட்டும். பயிற்சி நன்றாயிருந்தது என்பதற்காக மறுநாள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் சிலர் நிறுத்திவிட்டு வருகிறார்கள்.

தீக்காயம் ஆறியவர்களுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. அவர்களுக்கு அசைவு மிக இன்றியமையாதது. தழும்பு சுருங்கி மூட்டு மடங்கிவிடாமல் காப்பது அதுவே. ஆயினும் புதிதாகத் தோல் ஒட்டப்பட்ட இடத்தை ஆசிரியர் கையால் இழுத்து நீட்டிவிடக்கூடாது. ஒட்டப்பட்ட தோலில் வியர்வை சுரப்பதில்லை என்பதைப் பலர் அறியார். உடலின் பெரும்பகுதியில் தோல் ஒட்டியவர்கள் வெயிலில் பயிற்சி செய்தால் உள்வெப்பம் தணிய வழியின்றித் தளர்ந்துபோவார்கள். நிழலான கூடத்தில் இடம் கேட்டு வாங்குங்கள். கையில் தழும்பைக் கண்டதும் அருகில் அமர்ந்தவர் காரணம் கேட்பார். விடைசொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

உடன் வரும் உறவினர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நோயாளியைத் தூக்கி, திருப்பி, தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்து, உங்கள் இடுப்பும் நோயாளியின் இடுப்பைப் போலவே ஆகிவிட்டதை நாங்கள் காண்கிறோம். பயிற்சி நாளில் ஓரமாய் அமர்ந்து பையைப் பார்த்துக்கொள்பவராக மட்டும் இருந்துவிடாதீர்கள். பாயில் நீங்களும் அமருங்கள். பையை எவரேனும் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த அம்மா நலமடைந்தார். பல மாதங்கள் ஆயின. உயரம் சற்றுக் குறைந்துதான் போயிற்று. இந்த ஆண்டும் பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்டு, கடந்த வாரம் எங்களிடம் வந்தார். முதலில் தயங்கினோம். பின்னர் அவருடைய சிகிச்சை அட்டையின் பின்புறத்தில் மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தோம்: முன்னால் குனியக்கூடாது, முதுகைத் திருகக்கூடாது, நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தவர், அட்டையை எங்களிடமே திருப்பி நீட்டினார்.

"இன்னும் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுங்கள், ஐயா. நான் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அவர்கள் கண்ணில் படவேண்டும்" என்றார். சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம்.