உங்களுக்குத் தெரியுமா? சொட்டாத கசிவும் உண்டு

ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் உருவான சக்திமான் போன்ற பழைய ராணுவ டீசல் லாரி, கிளம்பியதும் அணைந்தால் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றை. டீசல் எங்கும் சொட்டவில்லையே என்பார்கள். ஆனால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எஞ்சின் ஓடும்போது அங்கே விரிசலிருந்தால் டீசல் வெளியேறாது, காற்றுதான் உள்ளே போகும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கத்திரி வெயிலில் ரப்பர் குழாய் இறுகி வெடிப்பது புதிதல்ல. ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள்; நுரை வந்தால் அதுவே சான்று. இன்ஜெக்‌ஷன் பம்பே தேய்ந்திருக்கலாமே? இருக்கலாம். ஆனால் நுரையின்றித் தெளிந்த டீசல் வந்தும் வண்டி அணைந்தால் ஃபில்டர் அடைப்பைப் பார்த்து, அதற்குப் பிறகே பம்புக்குப் போக வேண்டும். அந்தப் பம்பைச் சரிபார்க்கும் சோதனை பெஞ்ச் வீட்டில் இருக்காது.