கையில் கடிகாரம், காதில் கருவி

"அப்பாவுக்குக் காது சரியா கேட்கலை. மகன் சிங்கப்பூரிலிருந்து ஸ்மார்ட்வாட்ச் ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கான். அதைக் கட்டிக்கிட்டா காது கேட்குமாமே, நிஜமா?"

இப்படிக் கேட்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். கடிகாரம் கட்டினால் காது கேட்காது. கேட்க வைப்பது காதில் மாட்டும் கருவிதான். அந்தக் கருவியின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே கடிகாரம் பயன்படும். டி.வி.க்கு ரிமோட் எப்படியோ அப்படி. ரிமோட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு படம் பார்க்க முடியுமா?

ஆனால் ஏற்கெனவே காதுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய கருவியை அலமாரியில் போட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. கேட்டால், "போட்டா ஒரே இரைச்சலா இருக்கு தம்பி" என்பார்கள். இரைச்சலான இடத்தில் கருவியை அடக்கி வைக்கவும், அமைதியான இடத்தில் ஏற்றி வைக்கவும் வழி தெரிந்தால், அது அலமாரியை விட்டு மறுபடியும் காதுக்கு வரும்.

முதலில் காது எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. சத்தத்தை நரம்புக்கு எடுத்துச் சொல்வது இவைதான். செம்பனை ஆலையில் நீராவி சீறும் சத்தம், புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம், மரமறுக்கும் செயின்சாவின் சத்தம் இவையெல்லாம் வருஷக்கணக்கில் தாக்கும்போது அந்த அணுக்கள் செத்துப் போகின்றன. செத்தது மறுபடி முளைக்காது. மருந்தோ, எண்ணெயோ, சொட்டு மருந்தோ எதுவும் அதைத் திருப்பிக் கொண்டு வராது.

கீச்சென்ற மெல்லிய சத்தங்களைக் கேட்கும் அணுக்கள்தான் முதலில் போகும். ஆகவே, 'ச', 'த', 'க' போன்ற எழுத்துகளின் ஒலி காதில் விழாது. 'ஆ', 'ஓ' என்ற உயிரொலி மட்டும் விழும். "பேசுறது கேட்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியலை" என்று அவர்கள் சொல்வது இதனால்தான். பேரப்பிள்ளைகளின் குரலும் பெண்களின் குரலும் முதலில் மங்கிப் போவதும் இதே காரணத்தால்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல், "கூப்பிட்டா காதிலேயே விழாது, டமாரம்!" என்று வீட்டிலுள்ளவர்கள் கேலி செய்வதும் கத்துவதும் தப்பு. கத்தினால் உயிரொலிதான் பெரிசாகும். தொலைந்துபோன எழுத்து திரும்ப வராது. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும்.

காதுக் கருவி செய்யும் வேலை இதுதான். எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அந்த ஒலியை அந்த அளவுக்கு மட்டும் ஏற்றித் தரும். காதைச் சோதித்து வரைபடம் எடுக்கும் ஆடியோலஜிஸ்ட் அதற்கேற்பக் கருவியைச் சரிசெய்து கொடுப்பார். அதோடு, வீட்டுக்கு ஓர் அளவு, கூட்டமான இடத்துக்கு ஓர் அளவு, பாட்டுக் கேட்க ஓர் அளவு என்று இரண்டு மூன்று 'புரோகிராம்' வைத்துக் கொடுப்பார். வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்று தேவை. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் அடிக்கும்போது வேறொன்று தேவை. நாள் முழுக்க ஒரே அளவில் வைத்திருந்தால் தலைவலிதான் மிஞ்சும்.

இந்த மாற்றத்தைச் செய்யக் கருவியிலேயே சின்னப் பொத்தான் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மிளகு அளவுப் பொத்தான்! முப்பது வருஷம் பால் வெட்டிக் காய்த்துப்போன விரல், மூட்டுவாதம் வந்து மடங்காத விரல், அந்தப் பொத்தானைக் காதுக்குப் பின்னால் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் பேச வந்தவர் பேசிவிட்டுப் போயே போய்விடுவார். சில கருவிகள் காதுத் துவாரத்துக்கு உள்ளேயே போய்விடும். அவற்றில் பொத்தானே இருக்காது. நாலு பேர் நடுவில் காதைத் தடவ வெட்கப்படுபவர்களும் உண்டு. கடிகாரம் உதவுவது இங்கேதான். மணி பார்ப்பது போல் கையைத் திருப்பி, திரையில் ஒரு தடவை தொட்டால் போதும்.

இது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏமாறாமல் இருக்கலாம். கடிகாரம் பெரும்பாலும் காதுக் கருவியோடு நேரே பேசுவதில்லை. அது ப்ளூடூத் என்ற வானொலி அலை மூலம் கைப்பேசியோடு பேசும். கைப்பேசி அதே போன்ற அலையால் காதுக் கருவியோடு பேசும். ஆக மூன்று பேர் சேர்ந்த வேலை. நடுவிலிருக்கும் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு நீங்கள் காட்டுக்குப் போய்விட்டால், கடிகாரத்தைத் தொட்டு என்ன பயன்? கைப்பேசி சட்டைப்பையிலோ பக்கத்து மேசையிலோ இருக்க வேண்டும். கருவியைச் செய்த கம்பெனியின் செயலியும் அந்தக் கைப்பேசியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

2014-ஆம் ஆண்டில் ரிசவுண்ட், ஸ்டார்கி என்ற கம்பெனிகள் ஐபோனோடு நேரடியாக இணையும் காதுக் கருவிகளைக் கொண்டுவந்தன. 2015-இல் ஆப்பிள் கடிகாரம் விற்பனைக்கு வந்த பிறகு, கருவியை மணிக்கட்டிலிருந்தே இயக்கும் வசதி வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளோடு காதுக் கருவி நேரே இணையும் முறையைக் கூகள் 2018-இல் அறிவித்தது. ஆனாலும் எல்லாக் கைப்பேசிக்கும் எல்லாக் கருவியும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தையில் நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் கடிகாரம் அடிகளை எண்ணும், மணி காட்டும். காதுக் கருவியின் செயலி அதற்குள் ஏறாது.

பொருந்தும் கடிகாரம் இருந்தால், இரண்டு காதுக்கும் சேர்த்தோ தனித்தனியாகவோ சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். புரோகிராமை மாற்றலாம். சில கருவிகளில் பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர் சொல்வதில்லை. இரவில் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். அப்புறம் விடியற்காலைப் பிரட்டுக்கு எழுந்திருப்பது எப்படி? அலாரம் அடித்தால் பக்கத்து வீடு எழுந்துவிடும், இவர் எழமாட்டார். மணிக்கட்டில் அதிரும் கடிகாரம் இவரை மட்டும் எழுப்பும். தொலைபேசி அழைப்பு வந்தாலும் அதிரும். இந்த ஒரு காரியத்துக்கு விலையுயர்ந்த கடிகாரம் வேண்டியதே இல்லை. சாதாரண அதிர்வுக் கடிகாரமே போதும்.

பணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆப்பிள் கடிகாரம் புதிதாக வாங்கினால் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும். அதற்கு ஐபோனும் வேண்டும். கடிகாரத்தில் செய்யும் வேலை அனைத்தையும் கைப்பேசிச் செயலியிலேயே செய்யலாம் என்பதை மறக்க வேண்டாம். சில கம்பெனிகள் சாவிக்கொத்து அளவில் தனி ரிமோட்டும் விற்கின்றன. கண்பார்வை குறைந்தவர்களுக்கு அதுதான் சுலபம். என்னைக் கேட்டால், நல்ல காதுக் கருவிக்கும் சரியான பரிசோதனைக்கும்தான் முதல் வெள்ளி போக வேண்டும். பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தருவதானால், வாங்கும் முன் அப்பாவின் கருவியையும் கைப்பேசியையும் கடைக்கே கொண்டுபோய், மூன்றையும் இணைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்குங்கள். "வீட்டுக்குப் போய் செட்டிங் பண்ணிக்கலாம்" என்றால் வந்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டேன், இனி ஆலைக்குள் போகலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. காதுக் கருவி காதைப் பாதுகாக்கும் சாதனம் அல்ல. அணைத்து வைத்தாலும் அல்ல. இரைச்சலில் வேலை செய்பவருக்குக் காதடைப்பானோ, காதை மூடும் மஃப்ஃபோ கட்டாயம் வேண்டும்.

2019 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள சத்த விதிமுறைகளின்படி, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் வரம்பு. அதற்கு முன்பிருந்த 1989-ஆம் ஆண்டு விதிமுறையில் இது 90 டெசிபல். அது தொழிற்சாலைகளுக்கானது, புதியது தோட்டங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இருக்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிஷம். செயின்சா சத்தம் 100-ஐத் தாண்டும். வரம்புக்கு மேல் சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை செய்துவைக்க வேண்டியது முதலாளியின் கடமை. செலவு உங்களுடையது அல்ல.

இந்த இடத்தில் கடிகாரம் இன்னொரு வகையில் கைகொடுக்கும். ஆப்பிள் கடிகாரத்தில் 2019 முதல் சுற்றுப்புறச் சத்தத்தை அளக்கும் வசதி இருக்கிறது. நீங்கள் வைத்த அளவைத் தாண்டினால் மணிக்கட்டில் தட்டும். அந்த எண்ணை வழக்குக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அளந்ததே செல்லும். ஆனால் "எங்கள் பகுதியில் சத்தத்தை எப்போது அளந்தீர்கள்?" என்று நிர்வாகத்திடம் கேட்க அந்த எண் போதும்.

காது கேட்பது குறைந்திருக்கிறது என்று தோன்றினால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் கேட்காது. அதை எடுத்துவிட்டாலே சிலருக்குச் சரியாகிவிடும். இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஒரு காது மட்டும் திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமல் போனால், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேலைச் சத்தத்தால் வந்த காது மந்தம் சொக்சோ சட்டத்தில் தொழில் நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. டாக்டரிடம் "வயசாச்சு, கேட்கலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த ஆலையில், எந்த இயந்திரத்தின் பக்கத்தில், எத்தனை வருஷம் நின்றீர்கள் என்று சொல்லி, அதை எழுதச் செய்யுங்கள். காதுப் பரிசோதனை வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். சொக்சோவின் மருத்துவக் குழு இயலாமையின் அளவை முடிவு செய்யும்போது இவை தேவைப்படும். சொக்சோவில் வராதவர்கள் சமூக நலத்துறையில் ஓ.கே.யூ. கார்டு எடுத்து, உதவிக் கருவிக்கு மனுச் செய்யலாம்.

கருவியைப் பேணுவது பற்றி இரண்டொரு வார்த்தை. கடிகாரம் தண்ணீர் தாங்குகிறது என்பதற்காகக் காதுக் கருவியோடு குளிக்கப் போகாதீர்கள். நம் ஊர் வேர்வையும் ஈரமும்தான் அதற்கு எமன். இரவில் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரியின் ஒட்டுத்தாள் நிறத்தை நினைவில் வையுங்கள்: பழுப்பு என்றால் 312, ஆரஞ்சு என்றால் 13. கைப்பேசியிலிருந்து பாட்டும் பேச்சும் நேரே காதுக்கு வரும்படி வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். தீர்ந்த பேட்டரியைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். மாத்திரை என்று நினைத்துப் பெரியவர்களே விழுங்கிவிடக் கூடும். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கையோடு இன்னொரு பேட்டரியையோ அதன் அட்டையையோ எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.