மரத்தடிப் பாத்திக்குக் கரை கட்டுவோம், வேரை வெட்டாமல்!



மலையூர்களில் நம்ம வீடுகள் பெரும்பாலும் சரிவில்தான் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னாடி ஒரு பலா மரம், அதன் நிழலில் ஒரு சின்னப் பாத்தி. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், போட்ட எருவும் தூவிய விதையும் கீழ் வீட்டு வாசலுக்குப் போய்விடும். வேர்தான் எலும்பு மாதிரி வெளியே தெரியும்.

"கரை கட்டினா சரியாப் போயிடும்" என்கிறோம். சரிதான், ஆனால் எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் குழு அக்கா ஒருவர் நேராக வாணம் தோண்டி, குறுக்கே வந்த வேரையெல்லாம் கோடாரியால் வெட்டி, சிமென்ட் கரை கட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் அடித்த காற்றில் மரம் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கூரை மேல் விழவில்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் படிப்புச் செலவுக்குக் கைகொடுத்த மரம் அது.

வேரை ஏன் வெட்டக் கூடாது?

அடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடித்த வேர்கள்தான் மரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றை வெட்டினால் பிடிமானம் போகும். வெட்டிய இடத்தில் அழுகலும் ஏறும். தண்ணீரும் சத்தும் எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் 2 அடி மண்ணுக்குள் பரவியிருக்கும். வேருக்கும் காற்று வேண்டும். அதனால் அதன் மேல் மண்ணைக் குவிப்பதும் கெடுதல்தான்.

கரை கட்டும் முறை

1. மண்வெட்டியை ஓரமாக வையுங்கள். குச்சியால் குத்திப் பார்த்து, கையால் மண்ணை விலக்கி, தடித்த வேர் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2. அடிமரத்தைச் சுற்றி 3 அடியை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே கரையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்.

3. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். நூறு நாள் வேலையில் சம உயர வரப்பு போட்ட சகோதரிகளுக்கு இது பழக்கம்தான். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். கோடு வளைந்து போனால் பரவாயில்லை.

4. பெரிய கல்லை அடியில், ஆடாமல், மேட்டுப் பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். சிமென்ட் வேண்டாம், தண்ணீர் கல் இடுக்கில் கசிந்து போகட்டும். உயரம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். சரிவு அதிகமென்றால் ஒரே உயரக் கரைக்குப் பதில் இரண்டு சின்னக் கரை கட்டலாம்.

5. தடித்த வேர் குறுக்கே வந்தால் இரண்டு பக்கமும் கல் வைத்து, நடுவில் இடம் விடுங்கள். வேர் பருக்கும்போது கல்லைத் தள்ளாது. அந்த இடைவெளியில் சருகை அடைத்துவிட்டால் மண் போகாது.

6. கூரைத் தண்ணீர் நேராகப் பாத்தியில் விழாமல் ஓரமாகத் திருப்பிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எந்தக் கரையும் நிற்காது.

கல் கிடைக்காத இடத்தில் தேங்காய் மட்டையை வரிசையாக அடுக்கி, குச்சி அடித்து நிறுத்தலாம். ஆனால் அது மட்கிப் போகும்; திரும்ப வைக்க வேண்டிவரும்.

என்ன நடலாம்?

நிழலில் தக்காளியும் மிளகாயும் சரியாகக் காய்க்காது. ஈரம் இருக்கும் கரையோரம் வல்லாரை வையுங்கள். அது படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் வெயில் படும் இடத்தில் கற்பூரவல்லியும் தவசிக்கீரையும் வரும். பாத்தி முழுக்கக் கொத்தாமல், வேர்களுக்கு நடுவே கையளவு குழி எடுத்து, மட்கிய எரு போட்டு நடுங்கள். மஞ்சளும் இஞ்சியும் ஆசையிருந்தால் சாக்கில் மண் நிரப்பி வையுங்கள். கிழங்கு எடுக்கும்போது வேரைக் கிளற வேண்டாம். மேலே சருகு மூடாக்கு போடுங்கள், அடிமரத்தில் ஒட்டாமல். மரமும் தண்ணீர் குடிக்கும் என்பதால் கோடையில் செடிக்குக் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

ஒரு வீட்டுக் கல்லை ஒருத்தியே சுமந்தால் இடுப்பு போய்விடும். குழுவாகச் சேர்ந்து, மழைக்கு முன்னால் வாரம் ஒரு வீடு என்று முடிப்போம். கீரைப் பாத்தி போனால் மறுபடி போடலாம். காய்க்கிற பலா போனால் மறுபடி காய் பார்க்க எத்தனை வருஷம் காத்திருக்கணும்? வேருக்குக் கரைதான் வளைந்து கொடுக்க வேண்டும் சகோதரிகளே!