இரண்டு 734

லப்பக்கில் விமானம் தாழ்ந்தபோது சன்னலுக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக்காடு. மேற்கு டெக்சாஸில் இருக்கிற அந்த ஊருக்கு எம்.எஸ். படிக்க நான் போனது 2015 ஆகஸ்டில். கோவில்பட்டிக்காரனுக்குப் பருத்தி புதிதில்லை, புழுதிக்காற்றும் புதிதில்லை. புதிதாக இருந்தது சனிக்கிழமைதான். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டம் உள்ளூரில் என்றால் அன்று தெருவெல்லாம் சிவப்புச் சட்டையும் கறுப்புச் சட்டையும். முகமூடி போட்ட ஒருவர் கறுப்புக் குதிரையில் மைதானத்துக்குள் பாய்ந்து வருவார். ஆட்டத்தைத் தொடங்க பந்தை உதைக்கும் நொடியில் மாணவர்கள் டார்ட்டியாவை வீசுவார்கள். டார்ட்டியா என்றால் கிட்டத்தட்ட நம்ம சப்பாத்தி. சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவருவார்கள். தட்டில் பருக்கை மிஞ்சினால் திட்டு வாங்கி வளர்ந்தவனுக்கு முதல் ஆட்டத்தில் கை எழவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் நானும் வீசினேன், என்ன செய்ய.

2016 அக்டோபர் 22 ஆட்டத்தை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. எதிரே ஓக்லஹோமா. எங்கள் குவார்ட்டர்பேக் 21 வயதுப் பையன் பேட்ரிக் மஹோம்ஸ். அன்று அவன் பந்தை எறிந்தது 88 தடவை. அதில் 52 நம்மாட்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மொத்தம் 734 யார்டு. முதல் தரக் கல்லூரி ஃபுட்பாலின் உச்சச் சாதனையைத் தொட்டுவிட்டான். ஆனால் தோற்றோம், 66க்கு 59. அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான்: 12 ஆட்டத்தில் ஏழு தோல்வி.

வெளியே வரும்போது என் லேபில் பக்கத்து மேசைக்காரன் சொன்னான்: “பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இவன் சிஸ்டம் குவார்ட்டர்பேக். மேலே போனா தேறமாட்டான்.” அவன் டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவன், பள்ளியில் சென்டராக ஆடியவன். மேலே என்றால் என்.எஃப்.எல்., 32 அணிகள் கொண்ட தொழில்முறை லீக். முதல் தரக் கல்லூரி அணிகள் 130க்கும் மேல் இருக்கின்றன. அத்தனை அணியின் குவார்ட்டர்பேக்குகளில் மேலே போய் நிலைப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு நாலு வரி. நாம் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை இது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேற வேண்டும். நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. சென்டர் தன் காலிடுக்கு வழியே பின்னால் தரும் பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் முடிவெடுப்பவன் குவார்ட்டர்பேக். எதிரே முன்வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் அவனைச் சாய்க்கத்தான் வருகிறார்கள்.

பக்கத்து மேசைக்காரன் சிஸ்டம் என்றது ஸ்ப்ரெட் என்ற ஆட்டமுறையை. பெயருக்கேற்றபடி பரப்பி ஆடுவது. பந்து பிடிப்பவர்கள் நாலைந்து பேரை மைதானத்தின் அகலம் முழுக்க நிறுத்தி, தடுப்பவர்களையும் அங்கங்கே இழுத்துவிட்டு, கிடைத்த சந்துக்குள் வேகமாக எறிவது. அதில் ஏர் ரெய்டு என்ற வகையை 1989இல் அயோவா வெஸ்லியன் என்ற சிறு கல்லூரியில் ஹால் மம்மியும் மைக் லீச்சும் தொடங்கினார்கள். லீச் 2000 முதல் 2009 வரை எங்கள் டெக்சாஸ் டெக்கில் கோச். அவரிடம் குவார்ட்டர்பேக்காக ஆடிய கிளிஃப் கிங்ஸ்பரிதான் மஹோம்ஸுக்குக் கோச்.

“அது சரி, மேலே போனா ஏன் தேறமாட்டான்?” என்று கேட்டதற்கு, லேப் நண்பன் மறுநாள் சாயங்காலம் அப்பார்ட்மென்ட் பின்னால் இருந்த காலியிடத்துக்கு ஒரு பந்தோடு என்னை இழுத்துக்கொண்டு போனான். அவன் குனிந்தான். நான் அவன் முதுகுப்பக்கம் ஒட்டி நின்று, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து உள்ளங்கைகளை விரித்து அவனுக்கு அடியில் நீட்ட வேண்டும். கூச்சமாகத்தான் இருந்தது. பந்து அறை விழுந்த மாதிரி கையில் வந்து மோதியது. வாங்கிய வேகத்தில் ஐந்து எட்டு பின்னால் போக வேண்டும், ஐந்தாவது எட்டை ஊன்றியதும் எறிய வேண்டும். அதற்குள் எதிரே நிற்பவர்கள் எங்கே நகர்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது எட்டில் என் கால் என் காலையே தட்டி, நான் பந்தோடு மல்லாந்தேன். எதிரே யாருமே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

அப்புறம் ஐந்து யார்டு தள்ளி நிற்கச் சொன்னான். ஷாட்கன். பந்து காற்றில் மிதந்து வந்தது. வாங்கும்போதே முன்னால் இருப்பது முழுக்கத் தெரிகிறது, காலுக்கும் அவசரமில்லை. “ஸ்ப்ரெட் பசங்க அத்தனை பேரும் இங்கேதான் நிப்பாங்க. என்.எஃப்.எல். கேட்கிறது அதை” என்று, நான் விழுந்த இடத்தைக் காட்டினான்.

கால் மட்டும் இல்லை, காதும் வாயும் பழக வேண்டும். கல்லூரி ஸ்ப்ரெட்டில் அணி கூடிப் பேசுவதே அபூர்வம். தலைக்கவச ரேடியோவைக் கல்லூரியில் 2024இல் அனுமதிக்கும்வரை, ஓரத்திலிருந்து கோச்சுகள் கையால் சைகை காட்டுவார்கள், படம் ஒட்டிய பெரிய அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள். பையன் பார்ப்பான், கைதட்டுவான், பந்து வரும். என்.எஃப்.எல்.லில் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ரேடியோவில் கோச் சொல்வதை வாங்கி, பத்துப் பன்னிரண்டு சொல் நீளமுள்ள ஒரு கட்டளையைத் தன் வாயால் மற்ற பத்துப் பேருக்கும் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். கடிகாரத்தில் 15 நொடி மீதி இருக்கும்போது ரேடியோ அறுந்துவிடும். அதற்குப் பிறகு அவன் பாடு.

மைதானமே வேறு என்றும் சொல்லலாம். அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் பந்தை வைக்கும் உள்கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. கணக்குப் போட்டால், கல்லூரியில் பந்து கோட்டின்மேல் இருக்கும்போது ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பொட்டலில்தான் ஸ்ப்ரெட் விளையாடுகிறது. மேலே போனால் அது 71க்கு 89 ஆகச் சுருங்கிவிடும். கல்லூரியில் ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து எறிந்தவன், இங்கே ஆள் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒரு முழ இடைவெளிக்குள் எறிய வேண்டும்.

நண்பன் சும்மா சொல்லவில்லை, அவனிடம் பட்டியல் இருந்தது. ஸ்ப்ரெட்டின் முன்னோடியான ரன் அண்ட் ஷூட்டில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1990இல் டோக்கியோவில் ஒரே ஆட்டத்தில் 716 யார்டு எறிந்த டேவிட் கிளிங்ளர், 1992 டிராஃப்ட்டில் (என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்களை எடுக்கும் தேர்வு) ஆறாவது ஆளாகப் போய் மங்கினார். மம்மியிடமும் லீச்சிடமும் கென்டக்கியில் ஆடிய டிம் கவுச் 1999இல் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார், நிலைக்கவில்லை. லீச்சிடம் டெக்கில் எறிந்து குவித்த கிரஹாம் ஹேரலை 2009 டிராஃப்ட்டில் ஒரு அணிகூடக் கூப்பிடவில்லை. அதே பட்டியலில் இருந்த இன்னொரு ஸ்ப்ரெட் குவார்ட்டர்பேக் டிம் டீபோவை விடுங்கள். அவருக்கு எறிகிற கையே மெதுவாகத்தான் சுழலும். அதற்கு ஸ்ப்ரெட் என்ன செய்யும்?

ஆனாலும் இந்தப் பட்டியலை நான் முழுதாக நம்பவில்லை. காரணம் இன்னொரு 734.

மஹோம்ஸ் தொட்ட அந்தச் சாதனை 2014 அக்டோபரில் கானர் ஹாலிடே என்ற வாஷிங்டன் ஸ்டேட் பையன் வைத்தது. அவனுக்குக் கோச் யார்? அதே மைக் லீச். அங்கேயும் 734 எறிந்தவன்தான் தோற்றான். அங்கேயும் அவன் அணி எடுத்தது 59. கலிஃபோர்னியா 60, வாஷிங்டன் ஸ்டேட் 59. ஒரே ஆட்டமுறை, ஒரே எண். ஹாலிடேக்கு அடுத்த மாதமே கால் முறிந்தது. என்.எஃப்.எல்.லில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மஹோம்ஸ் மேலே போய் நிலைத்த கதை உலகத்துக்கே தெரியும். ஆக ஆட்டமுறையைப் பார்த்து ஆளை எடை போட முடியாது. ஸ்ப்ரெட் எல்லாருக்கும் பெரிய எண்ணைக் கொடுத்துவிடுகிறது, அதனால் யாரிடம் சரக்கு இருக்கிறது என்பது மறைந்துபோகிறது. அவ்வளவுதான்.

மிச்சம், போய்ச் சேரும் வீட்டைப் பொறுத்தது. யூட்டா பல்கலைக்கழக ஸ்ப்ரெட்டில் ஆடிய அலெக்ஸ் ஸ்மித்தை 2005இல் சான் பிரான்சிஸ்கோ முதல் ஆளாக எடுத்து, அந்த வருஷமே களத்தில் இறக்கியது. அவர் எறிந்ததில் எல்லைக்கோட்டுக்குள் போய்ப் புள்ளியானது (டச்டவுன்) 1, எதிரணி கையில் போட்டது 11. “ஸ்ப்ரெட் பையன்” என்று கைகொட்டிச் சிரித்தார்கள். அதே டிராஃப்ட்டில் 24ஆவதாகப் போன ஏரன் ராட்ஜர்ஸ் மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பதை யாரும் பேசவில்லை. பிறகு ஸ்மித் கான்சாஸ் சிட்டிக்குப் போனார். ஆண்டி ரீட் என்ற நல்ல கோச் கிடைத்தார். 2017இல் எறிதலுக்கான ரேட்டிங்கில் லீக்கிலேயே உயர்ந்தது ஸ்மித்துக்குத்தான். அந்த வருஷம் அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த புதுப் பையன் மஹோம்ஸ். கான்சாஸ் சிட்டி அவனுக்காக 27ஆம் இடத்திலிருந்து 10க்கு ஏறி எடுத்தது. எடுத்துவிட்டு, லீக் சுற்றின் கடைசி ஆட்டம் ஒன்றைத் தவிர ஆண்டு முழுக்கப் பொறுத்திருந்தது. 2018இல் இறக்கியபோது 50 டச்டவுன், 5,097 யார்டு.

ஹாலிடேயை 60க்கு 59 என்று வென்ற கலிஃபோர்னியா குவார்ட்டர்பேக் ஜேரட் காஃபும் ஏர் ரெய்டுக்காரர்தான். 2016இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, அந்த வருஷம் தொடங்கிய ஏழு ஆட்டத்திலும் தோற்றார். மறு வருஷம் 30 வயது ஷான் மெக்வே கோச்சாக வந்தார். அதே காஃப், அதே கை, 2019 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை போனார்.

2018 நவம்பர் 19, திங்கள் இரவு. நான் டல்லாஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். காஃபும் மஹோம்ஸும் எதிரெதிரே ஆடுகிறார்கள். 54க்கு 51. என்.எஃப்.எல். வரலாற்றில் இரு அணியும் 50ஐத் தாண்டியது அதுதான் முதல் முறை. நள்ளிரவில் லேப் நண்பனிடமிருந்து செய்தி: “டார்ட்டியா இருக்கா?”

நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். முதல் தர ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2009இல் டி20 வழியாக ஆஸ்திரேலிய அணிக்குள் வந்த டேவிட் வார்னரை “இவன் டெஸ்டுக்கு ஆகமாட்டான்” என்று சொல்லாத டீக்கடை உண்டா? அவர் பின்னால் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 335 அடித்தார். டெஸ்டும் அவர் வேகத்துக்குக் கொஞ்சம் இறங்கி வந்தது. என்.எஃப்.எல்.லும் அப்படித்தான் இறங்கி வந்தது. 2018 நவம்பரில் டெக் வேலையிலிருந்து அனுப்பிய கிங்ஸ்பரியை, இரண்டு மாதத்தில் அரிசோனா அணி தலைமைக் கோச்சாக வைத்துக்கொண்டது. பழைய கோச்சுகள் கேலி செய்த ஷாட்கன் இன்று அங்கே பாதிக்கு மேற்பட்ட வாய்ப்புகளில் வருகிறது.

2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் மஹோம்ஸை 40க்கு 22 என்று வீழ்த்திய ஜேலன் ஹர்ட்ஸ், ஓக்லஹோமாவில் லிங்கன் ரைலியிடம் ஆடியவர். ரைலியும் டெக்கில் லீச்சின் மாணவர். ஆக இரு பக்கமும் ஒரே குடும்பம். 2022 டிசம்பரில் காலமான லீச், என்.எஃப்.எல்.லில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் சூப்பர் பவுல் வரும். நம் ஊரில் திங்கட்கிழமை காலை ஐந்து மணி. எழுந்தால், விதி புரியவில்லையே என்று டிவியை நிறுத்திவிடாதீர்கள். சென்டர் குனிந்ததும் குவார்ட்டர்பேக் எத்தனை எட்டு தள்ளி நிற்கிறான் என்று மட்டும் பாருங்கள்.