வெல்டிங் சூட்டை கணக்கு போடுவது எப்படி? சாய டேங்க் ஒழுகாமல் இருக்க வழி

திருமுருகன்பூண்டி,

திருமுருகன்பூண்டி என்றாலே கல் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் சுற்றுவட்டார பனியன் கம்பெனி, சாயப்பட்டறைகளால் வெல்டர்களுக்கும் இங்கு வேலை உண்டு. இந்த வேலையில் சூடு குறைஞ்சாலும் வம்பு, கூடினாலும் வம்பு.

குறைந்தால் ராடு உருகி மேலோடு ஒட்டும், உள்ளே பிடிக்காது. கூடினால் தகடு கோணிக்கொள்ளும். சாய டேங்க் செய்யும் எஸ்.எஸ். தகடு 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் அதிக நேரம் இருந்தால், அதில் உள்ள குரோமியம் கார்பனுடன் சேர்ந்து விடும். ஒட்டு ஓரத்தில் துருவை தடுக்கும் சக்தி போய், நாளடைவில் டேங்க் ஒழுக ஆரம்பிக்கும்.

கணக்கு இதுதான்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, அதை 60-ஆல் பெருக்க வேண்டும். வருவதை கை ஓட்ட வேகத்தால், அதாவது ஒரு நிமிடத்தில் எத்தனை மி.மீ. ஒட்டு போடுகிறோம் என்பதால் வகுக்க வேண்டும்.

உதாரணமாக 25 வோல்ட், 120 ஆம்பியர் என்றால் 3 ஆயிரம் வாட். அதாவது 3 அயர்ன் பாக்ஸ் சூடு ஒரே ராடு நுனியில்! நிமிடத்துக்கு 150 மி.மீ. ஓட்டினால் ஒரு மி.மீ.க்கு 1,200 ஜூல் வரும். ராடு வெல்டிங்கில் இதில் சுமார் 80 சதவீதம்தான் இரும்புக்குள் போகும். ஆக 960 ஜூல். டிக் வெல்டிங் என்றால் சுமார் 60 சதவீதம்.

அதே ஆம்பியரில் கையை 300 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் சூடு பாதியாகி விடும். தகட்டில் சாக்பீசால் 150 மி.மீ. கோடு போட்டு, செல்போனில் நேரம் பார்த்தாலே வேகம் தெரிஞ்சிடும். வோல்ட்டை வெல்டிங் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். மிஷின் சும்மா இருக்கும்போது காட்டும் 60, 70 வோல்ட்டை எடுத்தால் கணக்கு தப்பும்.

உஷார்

வெல்டிங் பொறி 35 அடி தூரம் வரை தெறிக்கும். பனியன் வேஸ்ட், பஞ்சு இருந்தால் முதலில் அப்புறப்படுத்த வேண்டும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஆள் நின்று பார்ப்பது அவசியம்.

வெல்டிங் ஆராய்ச்சிக்கு என்றே திருச்சி பெல் நிறுவனத்தில் 1975-ம் ஆண்டு தனி நிலையம் தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.